பேரு கிருஷ்ணன், எந்த கிருஷ்ணன்?

அண்ணே வணக்கம்,

நான் களியக்காவிளை பக்கம். உங்க சைட்ட ரொம்ப நாளா வாசிக்கேன், எழுதினது இல்ல. இப்ப வீட்டுல ஒரு பிரச்சனை, சிரிக்காதீங்க. எனக்கு பையன் பொறந்திருக்கான். எங்க வழக்கப்படி மூத்த பையனுக்கு பாட்டா பேரு, அதாவது எங்க அப்பா பேரு, கிருஷ்ணன். அப்பா இப்ப இல்ல. அம்மா அந்தப் பேர விடமாட்டேன்னு நிக்கா. என் ஒய்ஃப் பார்டர் தாண்டி கேரளாவுல நெய்யாற்றின்கரைக்காரி, அவ சொல்லுதா, இந்தக் காலத்துல எவனாவது கிருஷ்ணன்னு வைப்பானா, கூகுள்ல போட்டா எண்ணி முடியாது, ஸ்கூல்ல விளிச்சா நாலு பேரு எந்திப்பான், இந்தப் பேருல சாமிய தவிர யாரு என்னத்த சாதிச்சான்னு. அவ கையில ஒரு லிஸ்ட் இருக்கு, யாருக்குமே இல்லாத பேரு, எனக்கு வாயில வரமாட்டேங்கு. எங்க அப்பா ரப்பர் வெட்டுக்கு போனவரு, ஊருல 'வெட்டு கிருஷ்ணன்'னு சொன்னா தான் தெரியும். நீங்க சரித்திரம் எல்லாம் எழுதுதீங்களே, இந்தப் பேருல சொல்லும்படியா யாரு இருக்கா? என் பேரு போட வேண்டாம்.

ஒரு கிருஷ்ணனுக்க மகன்

-----

தம்பி,

பையனுக்கு வாழ்த்து. உங்க ஒய்ஃப் கேட்டது நியாயமான கேள்வி, அவங்ககிட்ட கோவப்படாதீங்க. அம்மாவையும் அவங்களையும் நேருக்கு நேர் விட்டுட்டு நீங்க நைசா கழண்டு எனக்கு மெயில் போட்டிருக்கீங்க பாருங்க, அது வேற விஷயம்.

சாமிய விட்டாச்சு. பக்கத்துலேர்ந்தே ஆரம்பிப்போம், நாகர்கோவில் ஒரு ஊருலயே ரெண்டு பேரு இருக்காங்க. ஒருத்தர் ஒழுகினசேரிக்காரர், 1908ல பொறந்தவரு, அப்பா பேரு சுடலைமுத்து. இல்லாத குடும்பம், நாடகக் கொட்டகையில தின்பண்டம் வித்துட்டு நின்ன பய அதே மேடையில ஏறி, வில்லுப்பாட்டு பாடி, 1936ல சதி லீலாவதி படத்துல தலைய காட்டினாரு, எம்.ஜி.ஆருக்கும் அது தான் மொத படம். என்.எஸ்.கிருஷ்ணன். 1944 கடைசியில லட்சுமிகாந்தன் கொலை வழக்குல நடிகர் தியாகராஜ பாகவதரோட சேந்து மாட்டி, ஆயுள் தண்டனை விழுந்து, லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போயி கேஸ் திரும்ப மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கே வந்து 1947ல ரெண்டு பேரும் வெளிய வந்தாங்க. பாகவதருக்கு அதுக்கப்புறம் பழைய மவுசு வரவே இல்ல, இவரு விட்ட எடத்துலேர்ந்து புடிச்சு மேல போனாரு. எனக்கு அவரு காமெடிய விட அது தான் பெரிய விஷயமா படுது. 1957ல போகும்போது வயசு 48. அண்ணா உடம்பு முடியாம இருந்த நேரத்துல, 1969 ஜனவரியில, கடைசியா வந்த பொதுநிகழ்ச்சி தி.நகர்ல இவரு சிலைய தெறந்து வச்சது தான்.

இன்னொருத்தர் டென்னிஸ்காரர், ராமநாதன் கிருஷ்ணன், 1937ல நாகர்கோவில்ல பொறந்தவரு. 1954ல விம்பிள்டன் பையன்கள் பிரிவுல ஜெயிச்சாரு, ஆசியாவுலேர்ந்து அதுக்கு முன்னாடி யாரும் ஜெயிச்சது கெடையாது. 1960லயும் 1961லயும் பெரியவங்க பிரிவுல செமிஃபைனல் வரை போனாரு, 61ல ராய் எமர்சன தோக்கடிச்சுட்டு அடுத்த ஆட்டத்துல ராட் லேவர்கிட்ட தோத்தாரு, லேவர்கிட்ட தோக்கறது ஒரு தோல்வியே இல்ல. இவரோட மகன் ரமேஷ் 1979ல அதே பையன்கள் பட்டத்த ஜெயிச்சாரு. இதுல ஒரு வேடிக்கை பாருங்க. ராமநாதன்ங்கிறது அப்பா பேரு, கிருஷ்ணன்ங்கிறது தான் இவரு பேரு. ஆனா ரமேஷ் கிருஷ்ணன்ல ரமேஷ் சொந்தப் பேரு, கிருஷ்ணன் அப்பா பேரு. வெள்ளக்காரன் ரெண்டு பேரையும் 'கிருஷ்ணன்'னே எழுதிட்டான், ஒருத்தருக்கு சரியா போச்சு, இன்னொருத்தருக்கு அப்பனோட பேரே நெலச்சிருச்சு. பாஸ்போர்ட்டுல சர்நேம் கட்டத்துல என்ன எழுதன்னு நாம முழிக்கிறோமே, அந்தக் குழப்பம் அப்பவே உண்டு.

கொஞ்சம் வடக்க போனா வத்திராயிருப்பு. அங்க 1898ல பொறந்தவரு கே.எஸ்.கிருஷ்ணன். இவரப் பத்தி நம்ம பாடப்புத்தகம் செஞ்ச அநியாயத்த சொல்லாம விடமுடியாது. ராமன் விளைவுன்னு படிக்கிறோம்ல, 1928 மார்ச் 31 தேதி போட்ட நேச்சர் இதழ்ல வந்த அந்தக் கட்டுரையில ரெண்டு பேரு இருக்கு, சி.வி.ராமன், கே.எஸ்.கிருஷ்ணன். கல்கத்தாவுல ஒரு ரூம்ல, சூரிய வெளிச்சத்த லென்ஸ் வச்சு கூட்டி, ஒரு கலர் ஃபில்டர் வழியா ஒரு திரவத்துக்குள்ள விட்டு, பக்கவாட்டுல சிதறி வர்றத வேற கலர் ஃபில்டர் வழியா கண்ணால பாக்கணும். ரெண்டாவது ஃபில்டர் மொத ஃபில்டர் விட்ட வெளிச்சத்த மொத்தமா தடுத்திரும், அதனால அதுக்குமேலயும் ஏதாச்சும் கண்ணுக்கு தெரிஞ்சா அது திரவத்துக்குள்ள போயி கலர் மாறி வந்த வெளிச்சம். இவ்வளவு தான் சாமான். இப்படி அறுபது திரவம் போல பாத்திருக்காங்க, இருட்டு ரூம்ல உக்காந்து பாத்ததுல பெரும்பங்கு கிருஷ்ணன். 1930ல நோபல் ராமனுக்கு மட்டும் வந்துச்சு. கிருஷ்ணன் வம்புக்கு போகல, காந்தம், படிகம்னு தன் வேலைய பாத்து, டெல்லியில நேஷனல் ஃபிசிக்கல் லேபரட்டரிக்கு மொத டைரக்டரா இருந்தாரு, தமிழ்ல அறிவியல் கட்டுரையும் எழுதினாரு. அதே 1898ல பொறந்த இன்னொரு கிருஷ்ணன், எம்.எஸ்.கிருஷ்ணன், புவியியல் ஆய்வுத்துறைக்கு, அதான் ஜியாலஜிக்கல் சர்வேக்கு, தலைவரான மொத இந்தியர், அவரு பாறைய பாத்தாரு, இவரு வெளிச்சத்த பாத்தாரு.

எனக்கு இந்தப் பேருக்காரங்கள்ல ரொம்ப புடிச்சது திருநெல்வேலியில 1912ல பொறந்த மா.கிருஷ்ணன். நாவல் எழுதின மாதவையாவோட மகன். காடு, மிருகம், பறவை, இது தான் இவருக்கு எல்லாம். கருப்பு வெள்ளையில தான் படம் எடுப்பாரு, கேமராவ கூட பல சாமான பிரிச்சு சேத்து தானே கட்டிக்கிட்டாரு. ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில 1950ல ஆரம்பிச்ச பத்திய 1996ல சாகறவரைக்கும் எழுதினாரு, 46 வருஷம். பத்திரிகைக்கு பத்தி எழுதறவனுக்கு தான் தெரியும் அது என்ன உழைப்புன்னு, எனக்கு ரெண்டு வாரம் எழுதினா மூணாவது வாரம் காய்ச்சல் வந்துரும்.

சரி, இதெல்லாம் தமிழ்க் கிருஷ்ணன். உங்க ஒய்ஃப் 'இது உங்க ஊரு கத'ன்னு சொல்லிருவாங்க, அவங்க பக்கத்துக்கும் வருவோம். வி.கே.கிருஷ்ண மேனன் கோழிக்கோட்டுக்காரரு, 1957 ஜனவரியில ஐ.நா. பாதுகாப்பு சபையில காஷ்மீர் பத்தி எட்டு மணி நேரம் போல பேசினவரு, 1962 சீனா யுத்தத்துல பாதுகாப்பு மந்திரி பதவி போச்சு. அதோட தீந்தாருன்னு எல்லாரும் நெனச்சப்ப, 1971ல சுயேச்சையா நின்னு எங்கேர்ந்து ஜெயிச்சாரு? திருவனந்தபுரத்துலேர்ந்து. உங்க மாமனார் வீட்டுப் பெரியவங்க யாருக்காவது நெனவு இருக்கும், கேட்டுப் பாருங்க.

அதவிட பெரிய கூத்து, எம்.கிருஷ்ணன் நாயர்னு ஒரே இனிஷியலோட ரெண்டு பேரு ஒரே காலத்துல இருந்தாங்க. ஒருத்தர் சினிமா டைரக்டர், மலையாளத்துல எக்கச்சக்கமா படம் எடுத்தவரு, எம்.ஜி.ஆருக்கு தேசிய விருது வாங்கிக் குடுத்த ரிக்‌ஷாக்காரன் இவரு டைரக்ட் பண்ணது. இன்னொருத்தர் திருவனந்தபுரத்து பேராசிரியர், இலக்கிய விமர்சகர், 'சாகித்ய வாரபலம்'னு வாராவாரம் எழுதி எழுத்தாளன்மாரோட தூக்கத்த கெடுத்தவரு, லத்தீன் அமெரிக்காவுல எவன் என்ன எழுதினான்னு மலையாளி சாயாக்கடையில பேசினான்னா அதுக்கு இவரு தான் காரணம். கதகளியில கலாமண்டலம் கிருஷ்ணன் நாயர் வேற. இந்தப் பேர மாத்தினவரும் ஒருத்தர் இருக்காரு, நேவியில வேல பாத்த கொல்லத்துக்காரர் ஒரு கிருஷ்ணன் நாயர், சினிமாவுக்கு வந்ததும் ஜெயன் ஆனாரு. 1980ல சோழவரத்துல ஹெலிகாப்டர் ஸ்டண்ட்ல போயிட்டாரு, இன்னைக்கும் மிமிக்ரி மேடையில பேரு சொல்லாமலே ஆளு தெரியும்.

ராஜாக்கள ஓட்டமா சொல்லிட்டு போறேன். எல்லோராவுல மலைய மேலேர்ந்து கீழ குடைஞ்ச கைலாசநாதர் கோயில் ராஷ்டிரகூட கிருஷ்ணன், எட்டாம் நூற்றாண்டு. அதே வம்சத்துல இன்னொரு கிருஷ்ணன் 949ல தக்கோலத்துல சோழப்படைய ஒடச்சு ராஜாதித்தன் சாகக் காரணமானவன், நம்ம கல்வெட்டுல 'கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்'னு வெட்டி வச்சிருக்கான். விஜயநகரத்து கிருஷ்ணதேவராயர் எல்லாருக்கும் தெரியும். வரலாறு எழுதறவங்க இவங்கள ஒண்ணாம் கிருஷ்ணன், மூணாம் கிருஷ்ணன்னு நம்பர் போட்டு பிரிக்காங்க. ராஜாவுக்கு நம்பர், நமக்கு இனிஷியல்.

இனிஷியல்லயும் நம்ம எல்லைப் பக்கம் ஒரு தனிக்கத உண்டு. தமிழ்ப்பக்கம் முன்னெழுத்து அப்பா பேரு, இல்லன்னா ஊரும் அப்பாவும், நாகர்கோவில் சுடலைமுத்து கிருஷ்ணன் மாதிரி. அந்தப்பக்கம் வீட்டுப்பேரு முன்னால வரும், கிருஷ்ண மேனனோட 'வி' வெங்காலில்ங்கிற வீட்டுப்பேரு, நடுவுல உள்ள 'கே' அப்பா, அவரு பேரும் கிருஷ்ணன் தான், கிருஷ்ண குறுப்பு. அப்பனும் மகனும் ஒரே பேர வச்சுக்கிட்டு ஒரு கொறையும் வரல. நம்ம விளவங்கோடு தாலுகாவுல ரெண்டும் கலந்து கெடக்கு. நம்ம பக்கம் தமிழ்ப்பக்கத்தோட சேந்த 1956 நவம்பர் 1க்கு முந்தின ஆதாரத்த, அதாவது நெலப் பத்திரத்த, எடுத்துப் பாருங்க, மலையாளத்துல இருக்கும், ஆளு பேருக்கு முன்னால 'புத்தன்வீட்டில்', 'மேலேவிளையில்'னு இருக்கும், ஆள விட வீடு தான் முக்கியம். மகன் காலத்துல அது ஒத்தையெழுத்தா சுருங்கி, பேரன் காலத்துல அந்த எழுத்து எதுக்குன்னே தெரியாம போயிருது.

மார்த்தாண்டத்துல ஒரு ரப்பர் ஷீட் கடையில நான் ஒரு சாயங்காலம் பேசிட்டு இருந்தப்ப கணக்கு நோட்ட பாத்தேன். ஷீட்ட தராசுல போட்டு எடைய சொல்லச் சொல்ல கடைக்காரர் எழுதுறாரு: பாலத்தடி கிருஷ்ணன், டெம்போ கிருஷ்ணன், தேன் கிருஷ்ணன், மேக்க கிருஷ்ணன். இனிஷியல் ஒண்ணு கூட கெடையாது. 'தேன்' யாருன்னு கேட்டேன், தேனீப்பெட்டி வச்சிருந்தவராம், பெட்டிய வித்து பல காலமாச்சாம், பேரு மட்டும் நிக்குது. ஒரு தடவ கூட பாக்கி மாறிப் போனதில்லன்னு சொன்னாரு. பேரு பொதுவா இருந்தா பக்கத்துல உள்ளவன் தானே ஒரு அடையாளத்த சேத்துக்குவான், அது அப்பன் ஆத்தா வைக்கிற பேரு இல்ல, அவன் பொழச்ச பொழப்பு குடுக்கற பேரு. உங்க அப்பா 'வெட்டு கிருஷ்ணன்'னு நீங்க சங்கடத்தோட எழுதியிருக்கீங்க போல தெரியுது. விடிய முன்ன தலையில லைட்ட கட்டிட்டு மழையில்லாத நாளெல்லாம் மரத்துக்கு மரம் நடந்தவருக்கு ஊரு குடுத்த இனிஷியல் அது, மேல சொன்ன ஆளுங்களுக்கு இருக்கற எந்த இனிஷியலுக்கும் அது கொறஞ்சதில்ல.

கூகுள் விஷயம் வேற. கூகுளுக்காக பேரு வைக்கணும்னா அப்புறம் பாஸ்வேர்டு மாதிரி தான் வைக்கணும், நடுவுல ஒரு நம்பரும் போட்டு.

அந்த 'யாருக்கும் இல்லாத பேரு' பத்தியும் சொல்லிடறேன். ஒய்ஃப்கிட்ட அவங்க கூட படிச்ச பையன்மார் பேர சொல்லச் சொல்லுங்க. ஷிபு, பைஜு, ஷைஜு, பிஜு, ஷினோஜ், அப்படித்தான் வரும். அத வச்ச அப்பன் அம்மா எல்லாரும் புதுசா, யாருக்கும் இல்லாததா தான் தேடிப் புடிச்சாங்க. எல்லாரும் ஒரே நேரத்துல தேடினதுனால ஒவ்வொரு கிளாஸ்லயும் மூணு ஷிபு ஆயிப்போச்சு. இப்ப அத்வைத், ஆரவ் நடக்குது, நம்ம பக்கம் எல்.கே.ஜி. கேட்டுக்கு முன்னால நின்னு 'ஆரவ்'னு ஒரு சத்தம் விட்டுப் பாருங்க. இன்னைக்கு எல்.கே.ஜி.யில கிருஷ்ணன்னு ஒரு பயலும் இருக்கமாட்டான், அது அவங்க லிஸ்ட்ல உள்ளத விட தனியா நிக்கும். நாலு பேரு எந்திச்சது உங்க அப்பா காலத்து கிளாஸ்ல.

அதுக்காக கிருஷ்ணன்னே வைங்கன்னு நான் தீர்ப்பு சொல்ல வரல, பெத்தவங்க அவங்க, பத்து மாசம் சொமந்ததும் அவங்க. நம்ம பக்கம் சர்ட்டிஃபிகேட்டுக்கு ஒரு பேரு, வீட்டுல விளிக்க ஒரு பேருன்னு ரெண்டு வைக்கறது எப்பவும் உள்ளது தான். எது எதுக்குன்னு அம்மாவும் அவங்களும் பேசி முடிக்கட்டும், நீங்க நடுவுல போகாம இருந்தா சீக்கிரம் முடியும். அவசரமும் இல்ல. பொறப்ப பதிஞ்சாச்சுன்னா பேர ஒரு வருஷத்துக்குள்ள ஃபீஸ் இல்லாம சேக்கலாம், அதுக்கப்புறமும் லேட் ஃபீஸ் கட்டி 15 வருஷம் வரை சேக்கலாம். ஒய்ஃப் ஊருல வச்சு பொறந்திருந்தா நெய்யாற்றின்கரை முனிசிபாலிட்டியில தான் பதிவு இருக்கும், களியக்காவிளை பஞ்சாயத்து ஆபீசுல போயி நிக்காதீங்க. அங்க ஃபார்ம்ல மலையாளத்துலயும் இங்கிலீஷ்லயும் எழுதச் சொல்லுவாங்க, எந்தப் பேரா இருந்தாலும் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்க மொதல்லயே முடிவு பண்ணிட்டு போங்க, பின்னால திருத்த நடக்கறது தான் பெரிய நட. இனிஷியலுக்கு வீட்டுப்பேரா உங்க பேரான்னு அவங்க கேட்டா அதுக்கு தனியா ஒரு மெயில் போடுங்க.