ஒரு கோப்பை, 38 சீசன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெண்கள் விளையாட்டு பற்றிய உங்கள் கட்டுரையில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சாஃப்ட்பால் (பேஸ்பால் வகை ஆட்டம்) பயிற்சியாளராக இருந்த கரோல் ஹட்சின்ஸை ரொம்பவே புகழ்ந்திருந்தீர்கள். நானும் கல்லூரி அணிக்கு சாஃப்ட்பால் ஆடியவள்தான். 38 சீசனில் அவர் வாங்கியது ஒரே ஒரு தேசியக் கோப்பை. ஓக்லஹோமா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பேட்டி காசோ எட்டு வாங்கியிருக்கிறார், அரிசோனா பல்கலைக்கழகத்தின் மைக் கேண்ட்ரியாவும் எட்டு. வழக்குப் போட்டவர் என்பதற்காக ஹட்சின்ஸுக்குக் கருணை மதிப்பெண் போடுகிறீர்களோ?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கோப்பைக் கணக்கு சரிதான். ஆனால் நீங்கள் ஆடியவர் என்பதால் கேட்கிறேன், பிப்ரவரியில் உங்கள் மைதானம் எப்படி இருக்கும்? மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரில் பனி மூடிக் கிடக்கும். அமெரிக்கக் கல்லூரி சீசன் தொடங்குவதோ அந்த பிப்ரவரியில். ஆகவே கூரைக்கடியில் பயிற்சி, அப்புறம் ஃப்ளோரிடா, கலிஃபோர்னியா என்று வாராவாரம் வெளியூர்ப் போட்டிகள். சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம் ஆட மார்ச் பாதி தாண்டிவிடும். வருடம் முழுக்க வெயிலில் ஆடி வளர்ந்த கலிஃபோர்னியாப் பெண்ணை இங்கே வா என்று கூப்பிடுவதே ஒரு வேலை.

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ 1982-இல் இந்தத் தேசியப் போட்டியைத் தொடங்கியது. 2004 வரை டெக்சஸ் ஏ அண்ட் எம் இரண்டு முறை, ஓக்லஹோமா ஒரு முறை. மற்ற எல்லா வருடமும் கலிஃபோர்னியா அல்லது அரிசோனா அணிதான் முதலிடம். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே ஒருவரும் ஜெயித்ததில்லை. 2005-இல் இறுதிப் போட்டி முதல்முறையாக மூன்று ஆட்டத் தொடரானது. எதிரே கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏ, முந்தைய இரண்டு வருடமும் கோப்பை வாங்கிய அணி. மிச்சிகன் முதல் ஆட்டத்தில் 5-0 என்று தோற்றது. இரண்டாவதை 5-2 என்று ஜெயித்தது. மூன்றாவது ஆட்டம் வழக்கமான ஏழு இன்னிங்ஸில் முடியாமல் 1-1 என்று இழுத்துக்கொண்டு போனது. பத்தாவது இன்னிங்ஸில் முதலாண்டு மாணவி சமந்தா ஃபிண்ட்லே பந்தை எல்லைக்கு வெளியே அடித்து மூன்று ரன் தரும் ஹோம் ரன் எடுத்தார். 4-1. பந்து வீசிய ஜென்னி ரிட்டர், ஆன் ஆர்பருக்குப் பக்கத்து ஊரான டெக்ஸ்டரைச் சேர்ந்தவர். வெயில் தேசத்து ஆட்டம் என்று எல்லோரும் நினைத்திருந்ததை உள்ளூர்ப் பெண்ணை வைத்து ஹட்சின்ஸ் ஜெயித்திருக்கிறார். அந்த ஒன்றை நான் ஒன்றாக எண்ணமாட்டேன்.

அப்புறம், கோப்பை மட்டுமே கணக்கா? 2022-இல் ஓய்வு பெற்றபோது அவர் பெயரில் 1,707 வெற்றிகள். அதுவரை என்சிஏஏ சாஃப்ட்பாலில் வேறு யாரும் அவ்வளவு ஜெயித்ததில்லை, கேண்ட்ரியா உட்பட. மிச்சிகன் ஆடும் பிக் டென் என்ற வட்டாரக் கல்லூரிக் குழுமத்தின் பட்டம் 22. மிச்சிகனில் இருந்த 38 சீசனில் ஒன்றில்கூட வெற்றியைவிடத் தோல்வி அதிகமானதில்லை.

இனி வழக்கு. ஹட்சின்ஸ் படித்தது மிச்சிகன் ஸ்டேட் என்ற வேறொரு பல்கலைக்கழகத்தில், அதாவது பரம எதிரி முகாமில். அங்கே சாஃப்ட்பால், கூடைப்பந்து இரண்டும் ஆடினார். 1979-இல் கூடைப்பந்து அணிப் பெண்கள் கல்லூரி மீது வழக்குப் போட்டார்கள். வழக்கின் தலைப்பில் இருப்பது ஹட்சின்ஸ் பெயர். பெரிய தத்துவமெல்லாம் இல்லை. வெளியூர் போனால் ஆண்களுக்குக் கிடைக்கும் சாப்பாட்டுப் படி பெண்களுக்கு ஏன் குறைகிறது, பயணமும் தங்குமிடமும் ஏன் மட்டமாக இருக்கின்றன என்பதுதான் கேள்வி. அதே வருடம் பின்னாளில் பெரிய நட்சத்திரமான மேஜிக் ஜான்சன் ஆடிய அதே கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணி தேசியக் கோப்பை வாங்கியது. ஊரே அவர்கள் பின்னால் போய்க்கொண்டிருந்த நேரத்தில் இந்தப் பெண்கள் படிக்காசுக்கு நீதிமன்றம் ஏறினார்கள். அதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும்.

இதற்காக மதிப்பெண் கூட்டிப் போடவில்லை. ஆனால் அவருடைய பயிற்சியாளர் வாழ்க்கையை இதிலிருந்து பிரித்துப் பார்க்கவும் முடியவில்லை. கல்லூரிகளில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்ற டைட்டில் நைன் சட்டம் 1972-இல் வந்தபோது, பெண்கள் அணிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பெண் பயிற்சியாளர்கள்தான். சட்டத்தால் பணம் வந்தது, சம்பளம் வந்தது, பின்னாலேயே ஆண்களும் வந்தார்கள். இன்று பெண் பயிற்சியாளர்கள் பாதிக்கும் குறைவு. ஹட்சின்ஸ் இதைப் பேச ஓய்வு பெறும்வரை காத்திருக்கவில்லை, வேலையில் இருக்கும்போதே பேசினார். அவர் விட்ட இடத்துக்கு வந்தவர் பானி தோல். அவரிடமே ஆடி, பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் துணைப் பயிற்சியாளராக இருந்தவர். கேண்ட்ரியாவின் எட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரம் முன்பு மனைவியை இழந்துவிட்டு, அமெரிக்க அணியைத் தங்கம் வரை கூட்டிப்போன மனிதர் அவர். ஆனால் இந்த விஷயத்தில் அவர் எதிர்த்துப் போராட வேண்டியிருக்கவில்லை.

காசோவைப் பற்றித் தனியாக எழுதவேண்டும் என்று இருக்கிறேன். 1995 சீசனுக்கு அவர் ஓக்லஹோமாவுக்கு வந்தபோது அணிக்குச் சொந்த மைதானம் கிடையாது, ஆட்டங்கள் நார்மன் நகரின் பொதுப் பூங்காவில் நடந்தன. உங்களுக்கு அவர் பக்கம் சாய்வு இருப்பதாகத் தெரிகிறது. அந்தக் கட்டுரையை நீங்களே எழுதி அனுப்புங்களேன், போடுகிறேன்.