பாறையில் தெரிவது வெறும் விரிசலா, ஃபால்ட்டா? அதைப் பார்த்து விசை வந்த திசையைச் சொல்ல முடியுமா?

முடியும். ஆனால் விரிசல் எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்று பார்ப்பதில் பயனில்லை. இரு பக்கப் பாறைகளும் ஒன்றையொன்று உரசி நகர்ந்திருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. விரிசலுக்குக் குறுக்கே ஓடும் ஒரு பாறை அடுக்கையோ குவார்ட்ஸ் நரம்பையோ தேடுங்கள். விரிசலைத் தாண்டியதும் அது விலகித் தொடர்ந்தால் ஃபால்ட், அதாவது பிளவுப்பெயர்ச்சி. விலகாமல் நேராகப் போனால் ஜாயின்ட், தமிழில் மூட்டு. அரை சென்டிமீட்டர் நகர்ந்தாலும் ஃபால்ட்தான். நூறு மீட்டர் நீண்டு கிடந்தாலும் நகராதது மூட்டுதான்.

மூட்டு உண்டாகப் புவித்தட்டுகள் மோத வேண்டும் என்பதில்லை. எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கும்போதே பசால்ட் அறுகோணத் தூண்களாக வெடித்துவிடும். ஆழத்தில் உறைந்த கிரானைட், மேலிருந்த பாறை அரித்துப்போய்ப் பாரம் குறைந்ததும் தரைக்கு இணையாகத் தகடு தகடாக உரியும். விரிசல் முகத்தில் இறகின் நரம்புபோல மெல்லிய வரிகள் இருந்தால் அது திறந்துகொண்ட விரிசல், உரசியது அல்ல. உரசியிருந்தால் அந்த வரிகள் தேய்ந்து போயிருக்கும்.

ஃபால்ட் முகத்தில் மெருகேறிய பளபளப்பும் இணையான கீறல்களும் இருக்கும். இடையில் கூரிய விளிம்புள்ள நொறுங்கல் கற்கள், சில இடங்களில் களிமண் போல அரைபட்ட மாவு.

இனி விசை. சாய்ந்த ஃபால்ட் தளத்துக்கு மேலே இருக்கும் பாறை தொங்குசுவர், கீழே இருப்பது அடிச்சுவர். தொங்குசுவர் கீழே இறங்கியிருந்தால் இயல்புப் பிளவு, மேலே ஏறியிருந்தால் எதிர்ப் பிளவு, பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் நழுவுப் பிளவு. இவற்றை விசையோடு இணைத்துக் காட்டியவர் ஸ்காட்லாந்துப் புவியியலாளர் ஆண்டர்சன் (1905). தரைக்கு மேல் இருப்பது காற்று. காற்றால் பாறையை உராய்ந்து இழுக்க முடியாது. ஆகவே தரைக்கு அருகில் மூன்று முதன்மை அழுத்தங்களில் (ஒன்றுக்கொன்று செங்கோணமான மூன்று திசைகளில் பாறையை நேராக நெருக்குபவை) ஒன்று செங்குத்தாகவும் மற்ற இரண்டு கிடையாகவும்தான் இருக்க முடியும். செங்குத்து அழுத்தம் மூன்றிலும் பெரியதானால் இயல்புப் பிளவு, சுமார் 60 டிகிரி சாய்வில். சிறியதானால் எதிர்ப் பிளவு, சுமார் 30 டிகிரியில். நடுவில் நின்றால் நழுவுப் பிளவு, ஏறக்குறைய நிமிர்ந்த தளம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை உடைத்தே ஆக வேண்டும். ‘இயல்புப் பிளவு இழுவிசையால் வருகிறது’ என்று படித்திருப்போம். பாறையின் அடர்த்தியை 2,700 கிலோ/கனமீட்டர் என்று கொண்டால், ஆழம் ஒரு கிலோமீட்டர் கூடக் கூட அழுத்தம் ஏறத்தாழ 26 மெகாபாஸ்கல் ஏறும். 5 கிலோமீட்டரில் அது 130. அங்கே பாறையை யாரும் இழுக்கவில்லை. எல்லாத் திசையிலும் நெருக்கல்தான். ஒரு கிடைத்திசையில் அந்த நெருக்கல் மற்றவற்றைவிடத் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வழி விட்ட பக்கம் பாறை சரிகிறது. தட்டுகள் விலகும் கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கில் இதைப் பெரிய அளவில் பார்க்கலாம். இமயத்தில் நிலைமை நேர்மாறு: கிடை நெருக்கலே மிகப் பெரியது, அதனால் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருக்கின்றன.

களத்தில் அதிகம் ஏமாற்றுவது போலி விலகல். சாய்ந்த அடுக்குகளை ஒரு நழுவுப் பிளவு பக்கவாட்டில் நகர்த்தினால், செங்குத்தான பாறைமுகத்தில் நின்று பார்ப்பவருக்கு ஒரு பக்கம் கீழே இறங்கிய மாதிரியே தெரியும். அனுபவம் உள்ளவர்களும் இதில் வழுக்குவார்கள். அடுக்கின் விலகலை மட்டும் நம்பாமல் கீறல்களை அளக்க வேண்டும். முதலில் காம்பஸால் தளத்தில் வரையக்கூடிய கிடைக்கோட்டின் திசை, பிறகு கிளினோமீட்டரால் தளத்தின் சாய்வு, கடைசியில் அதே தளத்தின்மேல் கிடைக்கோட்டுக்கும் கீறலுக்கும் இடைப்பட்ட கோணம். அந்தக் கோணம் 0-க்கு அருகில் இருந்தால் நகர்வு பக்கவாட்டில், 90-க்கு அருகில் இருந்தால் மேல்கீழாக. இடைப்பட்டவையும் நிறைய உண்டு.

கீறல் கோட்டைத்தான் தரும். எந்தப் பக்கம் என்று சொல்லாது. அதற்குக் கால்சைட் அல்லது குவார்ட்ஸ் கனிம இழைகள் படிந்த சிறு படிக்கட்டுகளைத் தேடுங்கள். உள்ளங்கையால் தடவும்போது தட்டாமல் வழுக்கிப் போகும் திசைதான், இப்போது அங்கே இல்லாத எதிர்ப்பக்கப் பாறை நகர்ந்த திசை. இழை இல்லாத வெறும் மெருகில் இந்தச் சோதனை பல நேரம் பொய் சொல்லும். இன்னொன்று: கீறல்கள் பெரும்பாலும் கடைசி நகர்வைத்தான் காட்டும். இரண்டு திசைக் கீறல்கள் இருந்தால் எது எதை வெட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், வெட்டுவதே பிந்தியது.

ஆண்டர்சனின் கோணங்களுக்குப் பொருந்தாத ஃபால்ட்களும் ஏராளம். புதிதாகப் பாறையை உடைப்பதைவிடப் பழைய பிளவில் வழுக்குவது எளிது என்பதே காரணம். கோணம் சரியில்லாவிட்டாலும் பழையதே மறுபடி நகரும். பிளவுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் ஏறினால் இன்னும் எளிது, ஏனெனில் இரு முகங்களையும் சேர்த்து அழுத்தும் விசையில் ஒரு பங்கை நீர் தாங்கிக்கொள்கிறது. அமெரிக்காவின் டென்வர் அருகே 1962-இல் சுமார் 3.7 கிலோமீட்டர் ஆழக் கிணற்றில் கழிவுநீரைச் செலுத்தத் தொடங்கியதும் நிலநடுக்கங்கள் வரத் தொடங்கின. 1966-இல் நிறுத்தினார்கள். பெரிய அதிர்வுகள் வந்ததோ 1967-இல். நீரின் அழுத்தம் பாறை இடுக்குகளில் மெல்லத்தான் பரவும்.

படம் போட்டுக் கேட்பதானால் அளவுக்கு ஒரு பேனாவாவது அருகில் வைத்து, கேமரா எந்தத் திசை பார்க்கிறது என்றும் எழுதுங்கள். கீறல்களைத் தனியாக நெருங்கி எடுத்த படம் ஒன்றும் வேண்டும். அது இல்லாமல் ஃபால்ட் வகையை ஊகிக்கத்தான் முடியும்.