மழையில் நனைந்த காய்க்குள்ளேயே பருத்தி விதை முளைத்துவிடுகிறது. பஞ்சின் தரம் கெடுமா? முளைப்பைத் தடுக்கும் பொருள் என்கிறார்களே, அது என்ன?

கேள்வி கேட்டவர் இன்னொன்றையும் சேர்த்திருக்கிறார்: நனைந்த காயில் இப்படி அவசரமாக முளைக்கிற விதை, நன்றாகக் காய்ந்த காயிலிருந்து புதிதாக எடுத்துப் போட்டால் சில சமயம் முளைக்கவே மறுக்கிறதே, ஏன்? இரண்டுக்கும் காரணம் விதையின் பூட்டுகள்தான்: முன்னதில் அவை திறந்துவிட்டன, பின்னதில் இன்னும் திறக்கவில்லை.

முதலில் நேரடிப் பதில். பஞ்சின் தரம் கெடும். அந்தக் காயின் விதையை விதைக்கென்று எடுத்து வைக்கக்கூடாது.

பஞ்சு விதையின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் தனிப் பொருள் அல்ல. விதைத்தோலின் மேல்வரிசை செல்களில் சில நீண்டு வளர்ந்ததுதான் இழை. ஓர் இழை ஒரே ஒரு செல். ஒரு விதையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செல்கள் இப்படி நீள்கின்றன. பூ விரிந்த நாளிலேயே இந்த வேலை தொடங்குகிறது. அடுத்த 20 முதல் 25 நாள் வரை இழை நீளத்தில் வளரும். ஏறத்தாழ 20-ஆம் நாளிலிருந்து 45-ஆம் நாள் வரை உட்சுவரில் செல்லுலோஸ் அடுக்கடுக்காகப் படியும். முதல் கட்டத்தில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தால் இழை குட்டையாகும். இரண்டாம் கட்டத்தில் மேகமூட்டமோ, குளிரோ, பொட்டாஷ் குறைவோ இருந்தால் சுவர் மெலிந்து, இழையின் பருமனையும் முதிர்ச்சியையும் காட்டும் மைக்ரோனேர் என்ற அளவு 3.5-க்குக் கீழே போகும். அப்படிப்பட்ட முதிராத இழை நூற்பாலையில் முடிச்சு முடிச்சாகத் திரளும், சாயமும் சரியாக ஏறாது. 3.5 முதல் 4.9 வரை ஏற்கத்தக்க அளவு, 3.7 முதல் 4.2 வரை மிக நல்லது.

இனி அந்தத் தடுப்பான். அதன் பெயர் அப்சிசிக் அமிலம், செடியே சுரக்கும் ஒரு ஹார்மோன். இது முதன்முதலாகத் தூய வடிவில் கிடைத்ததே பருத்தியிலிருந்துதான். 1963-இல் கலிபோர்னியாவில் ஒகுமாவும் ஆடிகாட்டும் அவர்களுடன் வேலை செய்தவர்களும் 225 கிலோ காய்ந்த இளம் பருத்திக்காய்களிலிருந்து வெறும் 9 மில்லிகிராம் பிரித்தெடுத்தார்கள். அவர்கள் தேடியது விதையுறக்கத்தை அல்ல, சப்பையும் (பூமொட்டு) பிஞ்சும் ஏன் உதிர்கின்றன என்பதை. அதனால்தான் உதிர்தலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெயர் வந்தது. அதே காலத்தில் பிரிட்டனின் வேல்ஸில் வேரிங் குழுவினர் மர மொட்டுகளின் உறக்கத்தை ஆராய்ந்து ஒரு பொருளைக் கண்டார்கள். 1965-இல் இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்தது. இன்று பார்த்தால் உதிர்வில் எத்திலீன் என்ற வாயு ஹார்மோனின் பங்கே பெரிது. உறக்கமும் வறட்சியைத் தாங்குவதும்தான் அப்சிசிக் அமிலத்தின் உண்மையான வேலை.

காய்க்குள் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். 40 நாளுக்கும் மேலாக ஈரமான, கதகதப்பான ஓர் அறைக்குள் விதை கிடக்கிறது. முளைக்கத் தேவையான எல்லாம் இருக்கிறது. ஆனாலும் முளைப்பதில்லை. 1970 வாக்கில் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் லியோன் டியூரின் ஆய்வகம் இதைத் தெளிவாகக் காட்டியது. முதிராத கருவை விதையிலிருந்து பிரித்து வைத்தால் அது முளைக்கத் தொடங்கியது. கருவைச் சுற்றியிருந்த திசுவின் நீர்ச்சாற்றைச் சேர்த்தால் நின்றது. சாற்றுக்குப் பதில் அப்சிசிக் அமிலத்தைச் சேர்த்தாலும் நின்றது. அதாவது, தாய்த்திசு கொடுக்கும் இந்தப் பொருள்தான் பூட்டு.

இதே பொருள் இழையையும் தடுக்கும். 1970-களில் பீஸ்லியும் டிங்கும் பருத்திச் சூலைச் சோதனைக் குடுவையில் வளர்த்தபோது, வளர்ச்சி ஹார்மோன்களான ஆக்சினும் ஜிப்ரலினும் இழையை நீட்டின, அப்சிசிக் அமிலம் குறுக்கியது. வறட்சியில் செடி இதை அதிகமாகச் சுரக்கும். ஆகவே பூத்த முதல் மூன்று வாரத்தில் பாசனம் தவறக்கூடாது என்பதற்கு வலுவான காரணம் உண்டு.

காய் வெடித்துக் காயும்போது விதைக்குள் இருக்கும் இந்தப் பொருள் குறைந்துபோகிறது. இப்போது விதையைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் ஈரமின்மை ஒன்றே. காட்டுப் பருத்தியாக இருந்தால் நீர் புகாத கெட்டித் தோல் இன்னொரு பூட்டாக இருந்திருக்கும். பயிராக்கிய மனிதர் ஒரே சீராக முளைக்கும் விதையையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில் அந்தப் பூட்டு பெரும்பாலும் போய்விட்டது. பெரம்பலூர், அரியலூர் பக்கம் மானாவாரிப் பருத்தியில் டிசம்பர் மழையிலும், டெல்டாவில் நெல் தரிசுப் பருத்தியில் கோடை மழையிலும் செடியிலேயே முளைப்பதற்கு இதுதான் காரணம்.

சந்தேகம் இருந்தால் ஒரு சுளையைப் பிரித்து விதையைப் பாருங்கள். விதையின் அகன்ற முனை வழியாகத்தான் தண்ணீர் முதலில் புகும். கூர்முனை வழியாக வேர் வரும். முளைத்த விதையில் கூர்முனையில் தோல் கீறி வெள்ளையாக ஒரு நுனி தெரியும். அதற்கு முந்தைய கட்டத்தில் விதை உப்பி, நகத்தால் அழுத்தினால் பதியும். அப்போதே அது கெட்டுவிட்டது என்று எண்ணிக்கொள்ளலாம். மீண்டும் காய்ந்தாலும் உள்ளே எண்ணெய் சிதைந்து கொழுப்பு அமிலம் பெருகியிருக்கும். எண்ணெயில் தனிக் கொழுப்பு அமிலம் 1%-ஐத் தாண்டிய விதையை விதைப்புக்கு எடுப்பதில்லை.

இழைக்கு வரும் கேடு மூன்று வழியில் வருகிறது. ஈரத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் இழையிலுள்ள சர்க்கரையைத் தின்று, பிறகு செல்லுலோஸையே அரிக்கும். வெண்மை மங்கிச் சாம்பல் பூக்கும், பலம் குறையும். காயின் ஓட்டிலிருந்தும் காய்ந்த இலையிலிருந்தும் கறை இறங்கி மஞ்சள் திட்டு விழும். மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை: நனைந்து மெலிந்த விதைத்தோல், பஞ்சையும் விதையையும் பிரிக்கும் அரவை ஆலையில் நொறுங்கி, இழையோடு துணுக்குத் துணுக்காக வந்துவிடும். அந்தத் துணுக்கு நூலில் ஏறினால் நூல் அறும், துணியில் கரும்புள்ளியாகத் தெரியும். நீளம் அப்படியே இருந்தும் விலை விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். நனைந்து விரியாமல் கட்டியாக நிற்கும் சுளையை நல்ல சுளையோடு கலந்தால் மொத்தக் குவியலும் கறைப் பருத்தி விலைக்குத்தான் போகும்.

ஆகவே மழை விட்டதும் நனைந்ததைத் தனியாக எடுங்கள், வேறு சாக்கில் போடுங்கள். எடுப்பை எப்போதும் பனி காய்ந்த பிறகே தொடங்க வேண்டும். எடுத்ததைக் குவிக்காமல் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, அடிக்கடி புரட்டுங்கள். ஈரத்தோடு குவித்தால் நடுவில் சூடேறி அங்கேயே மீண்டும் முளைக்கும். பரப்புவதற்குப் பருத்தித் துணியைப் பயன்படுத்துங்கள். பிளாஸ்டிக் சாக்கின் ஓர் இழை பஞ்சில் சேர்ந்தாலும் அதைச் சாயம் பிடிக்காது, ஆலைக்காரர்கள் மிகவும் வெறுப்பது அதைத்தான். இந்தியப் பருத்திக் கழகம் கொள்முதலில் 8% ஈரத்தை அடிப்படையாகக் கொள்கிறது, 12%-க்கு மேல் வாங்குவதில்லை. அதனால் முழுதாகக் காய வைப்பது விலைக்கும் நல்லது. வருமுன் காக்க வேண்டுமென்றால் தழைச்சத்தை அளவோடு கொடுங்கள். கொழுத்து வளர்ந்த செடியில் காய் தாமதமாக வெடித்து நேராக மழையில் போய் மாட்டும். நுனி கிள்ளுவதும் உதவும்: ரகங்களில் 15-ஆவது கணுவில், ஒட்டு ரகங்களில் (ஹைப்ரிட்) 20-ஆவது கணுவில்.

இப்போது எதிர்ப்பக்கம், அதாவது புது விதை முளைக்காதது. உள்ளே மிச்சமிருக்கும் தடுப்பானாகவோ, கெட்டித் தோலாகவோ இருக்கலாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதம் உலர்வாக வைத்தால் தானே சரியாகும். எது காரணம் என்று அறிய 100 விதையை நனைத்த சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி, 25 முதல் 30 டிகிரி சூட்டில் வைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 4-ஆம் நாள் ஒருமுறையும் 12-ஆம் நாள் ஒருமுறையும் எண்ணுங்கள். முளைக்காமல் கல்லாக நிற்பது கெட்டித் தோல். உப்பியும் உறுதியாகவே கிடப்பது உறக்கம். அழுத்தினால் கூழாவது செத்த விதை. ரகங்களின் சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்பு 65%. ஒட்டு ரகத்தில் எடுத்து வைத்த விதைக்கு இந்தச் சோதனையெல்லாம் வீண். அது முளைத்தாலும் அடுத்த தலைமுறை செடிக்குச் செடி மாறி, இழையும் ஒரே சீராக வராது.

ரக விதையாக இருந்தால், அதில் ஒட்டி நிற்கும் குட்டைப் பஞ்சை அமிலத்தில் நீக்குவது தண்ணீர் சீராகப் புக உதவும். ஒரு கிலோ விதைக்கு 100 மில்லி கந்தக அமிலம். பிளாஸ்டிக் வாளியில் போட்டு மரக்கட்டையால் 2, 3 நிமிடம் கிளறினால் விதை காபிக்கொட்டை நிறத்துக்கு வரும். உடனே நிறையத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றி 4, 5 முறை கழுவி, மிதப்பதை எடுத்தெறிந்துவிட்டு நிழலில் உலர்த்தவும். உலோகப் பாத்திரம் கூடாது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடவே கூடாது. இதில் தவறுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: விதை ஈரமாக இருந்தால் அமிலம் பட்டதும் சூடேறிக் கரு வெந்துவிடும், தோல் கீறிய விதைக்குள் அமிலமே போய்விடும். மழையில் நனைந்த விதையை இப்படிக் காப்பாற்ற முடியாது என்பதும் இதனால்தான். கழுவியது போதுமா என்பதை நீல லிட்மஸ் தாள் காட்டும்: அது சிவந்தால் இன்னும் கழுவ வேண்டும்.

விதை நன்றாக இருந்தும் வயலில் மட்டும் முளைப்பு குறைந்தால் தடுப்பான் மண்ணில் இருக்கிறதா என்று பாருங்கள். சோளத்தின் வேரிலிருந்து சோர்கோலியோன் என்ற பொருள் வருகிறது, மட்கும் தட்டையிலிருந்து பீனாலிக் அமிலங்கள் வருகின்றன. பார்த்தீனியக் களையில் பார்த்தெனின் என்ற பொருள் இருக்கிறது. மூன்றும் விதை முளைப்பையும் இளவேரையும் ஒடுக்கக்கூடியவை. வயலில் கிடக்கும் தட்டையை நறுக்கி, 100 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் விட்டு ஒரு நாள் ஊறவைத்து வடிகட்டுங்கள். ஒரு சாக்குச் சுருளை இந்த நீரிலும், இன்னொன்றை வெறும் தண்ணீரிலும் நனைத்து அதே விதையை வையுங்கள். வெறும் தண்ணீரில் வேர் நீண்டு, சாற்றில் குட்டையாகப் பழுப்பேறி நின்றால், தட்டை நன்றாக மட்கும்வரை விதைப்பைத் தள்ளிப்போடுங்கள்.