எம்.பி.பி.எஸ் முதல் வருடம், தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். உறக்கத்தைக் கெடுக்காமல் எப்படிப் படிப்பது?

கேள்வியின் கீழே நீங்கள் எழுதியிருந்ததை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மார்த்தாண்டம் பக்கம் வீடு, ஹாஸ்டல் இல்லை. காலை 6.30க்குப் பஸ் ஏறினால் வீடு திரும்ப சாயங்காலம் 6 மணி. அம்மா அண்டி ஆபீஸில் (முந்திரிப் பருப்பு ஆலையில்) நின்று வேலை பார்த்துவிட்டு வருவதால் ராத்திரிச் சமையலுக்கு நீங்களும் கூட நிற்க வேண்டும். 8.30க்குப் புத்தகத்தைத் திறந்து 2 மணி வரை உட்காருகிறீர்கள். 5.30க்கு எழுந்தால் ராத்திரி படித்தது எதுவும் நிற்பதில்லை. இன்டர்னலில் மார்க் இல்லை. "இன்னும் எவ்வளவு நேரம் முழித்திருந்தால் பாஸ் ஆகலாம் அக்கா?" என்று கேட்கிறீர்கள்.

இனி ஒரு நிமிடம்கூடக் கூடுதலாக முழித்திருக்க வேண்டாம். முதலில் ஏழு மணி நேரத்தை உறக்கத்துக்கு எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சம் இருக்கும் நேரத்தில் படியுங்கள். உங்களைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் படித்த காலம் முழுக்க நான் இப்படித்தான் படித்தேன். இப்போது ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன்.

காரணம் உங்கள் பிசியாலஜி புத்தகத்திலேயே இருக்கிறது. பகலில் படிப்பதை முதலில் தாங்கிப் பிடிப்பது மூளையின் உள்ளே இருக்கும் ஹிப்போகேம்பஸ். அது மூளையின் மேலடுக்கான கார்டெக்ஸில் நிலையாகப் பதிவதில் உறக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஓர் உறக்கச் சுற்று சுமார் 90 நிமிடம். ஏழரை மணி நேரம் உறங்கினால் ஐந்து சுற்று ஓடும், மூன்றரை மணி நேரத்தில் இரண்டைத் தாண்டாது. ஆழ்ந்த உறக்கம் உறங்குகிற நேரத்தின் முன்பாதியில் அதிகம், கனவு வருகிற ரெம் உறக்கம் பின்பாதியில் அதிகம். நீங்கள் அந்தப் பின்பாதியைத்தான் வெட்டிவிடுகிறீர்கள். அதோடு போகவில்லை, மறுநாள் வகுப்பில் கண் சொக்குகிறது. தியரிக்கு 75 சதவீதம், பிராக்டிகலுக்கு 80 சதவீதம் வருகை கட்டாயம் என்பதால் எப்படியும் அந்த பெஞ்சில் உட்கார்ந்தே ஆக வேண்டும். உட்காருகிற அத்தனை மணி நேரமும் காதில் விழாமல் போவதுதான் பெரிய நஷ்டம். அங்கே விட்டதைப் பிடிக்க மறுபடி ராத்திரி முழிக்கிறீர்கள்.

"படிக்கிற பிள்ளை பத்து மணிக்குப் படுக்குமா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், தெரியும். என் அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுக்குப் போனவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் இருட்டோடு தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். வீட்டில் விருந்தாளி இருந்தாலும் ராத்திரி எட்டு மணிக்குப் பாயை விரித்துவிடுவார். ரப்பர் மரத்தில் பட்டையை மட்டும்தான் சீவ வேண்டும். பட்டைக்கும் தடிக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு வளரும் அடுக்கு இருக்கிறது, கத்தி அதைத் தொடக்கூடாது. தொட்டால் மரம் புண்ணாகிப் பட்டை முண்டு முண்டாகத்தான் வளரும், பிறகு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. "உறக்கம் சரியில்லன்னா கத்தி தடியில ஏறிரும் மக்களே" என்பார். அவரை ஒருநாளும் யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை, அந்த உறக்கமும் வேலையில் சேர்ந்ததுதான் என்று எல்லோருக்கும் தெரியும். நாளைக்கு நீங்களும் கையில் கத்தி பிடிக்கப் போகிறவர். வீட்டில் இதை எடுத்துச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

இப்போது நேரக் கணக்கு. ராத்திரி 9.45க்குப் படுக்கை, காலை 4.45க்கு எழுந்திருப்பது. சமையலும் சாப்பாடும் 7.30க்குள் முடிந்தால் 9.30 வரை இரண்டு மணி நேரம். விடியலில் 5 முதல் 6 வரை ஒரு மணி நேரம். காலைப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஆக மொத்தம் நான்கு மணி நேரம். முன்பு ஐந்தரை மணி நேரம் உட்கார்ந்தேனே, ஒன்றரை மணி நேரம் குறைகிறதே என்று பயம் வரும். அந்த ஐந்தரையில் கடைசி இரண்டு மணி நேரம் ஒரே பக்கத்தைத்தானே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? படுக்கிற நேரம் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் எழுந்திருக்கிற நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை உட்பட. உடம்புக் கடிகாரம் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறது.

நேரத்தைவிட முக்கியம், அந்த நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்பது. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். ஒரு குழு ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தது. இன்னொரு குழு ஒரு முறை வாசித்துவிட்டு, பார்க்காமல் மூன்று முறை நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்த குழுதான் முந்தியது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களுக்குச் சுமார் 40 சதவீதம்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். ராத்திரி ஹைலைட்டரால் கோடு போட்டு வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருந்து, வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வாய் திறக்காமல் போவது இதனால்தான்.

அதனால் பஸ்ஸில் புத்தகத்தைத் திறக்காதீர்கள். ஜன்னல் சீட் கிடைத்தாலும் சரி, கம்பியைப் பிடித்து நின்றாலும் சரி, கைக்குப் போகும் நரம்புகளின் பின்னலான பிரேக்கியல் பிளெக்ஸஸை மனதில் வரையுங்கள். உட்கார்ந்திருந்தால் ஆள்காட்டி விரலால் மடியில் இருக்கும் பையின் மேல் வரையலாம். சி 5 முதல் டி 1 வரை ஐந்து வேர், மூன்று ட்ரங்க், ஆறு டிவிஷன், மூன்று கார்டு, முடிவில் ஐந்து பெரிய நரம்பு. தக்கலை வருவதற்குள் ட்ரங்க் வரை வந்துவிடும். வில்லுக்குறியில் போஸ்டீரியர் கார்டில் முட்டி நிற்பீர்கள். நிற்கட்டும். உடனே புத்தகத்தைப் பார்க்காமல் பார்வதிபுரம் வரை யோசித்துப் பாருங்கள், கல்லூரி போய்த் திறந்து பாருங்கள். அப்படித் தேடிக் கண்டுபிடித்த நரம்பு எளிதில் மறக்காது. விடியற்காலை ஒரு மணி நேரமும் இப்படித்தான்: முந்தின ராத்திரி படித்ததை வெள்ளைத் தாளில் எழுதுவது, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்ப்பது. புதுப் பாடம் அந்த நேரத்தில் வேண்டாம்.

சாயங்காலப் பஸ்ஸில் படிக்கவே வேண்டாம். இடம் கிடைத்தால் 20 நிமிடம் கண்ணை மூடுங்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில், தமிழ் வழியில் படித்து வந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். ஒரு பக்கம் வாசிக்க மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகிறது என்று அதில் ஒரு கூச்சமும் தெரிந்தது. கூச்சமே வேண்டாம். அரசுப் பள்ளியிலிருந்து இந்த வகுப்புக்கு வந்து சேருவது எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். புரிந்துகொள்வதைத் தமிழில் செய்யுங்கள், பெயர்களை மட்டும் ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். அம்மா மரச்சீனிக் கிழங்கின் தோலை உரிக்கும்போது பெருவிரல் எப்படி மடங்கி மற்ற விரல்களை எதிர்கொள்கிறது என்று பாருங்கள். அதைச் செய்கிற தசை ஒப்போனென்ஸ் பாலிசிஸ், நரம்பு மீடியன். அந்த நரம்பு மணிக்கட்டில் நசுங்கினால் இந்தப் பிடி தளர்ந்துபோகும் என்று அம்மாவுக்கே சொல்லிக்கொடுங்கள். "எனக்கும் ராத்திரி கை மரத்துப்போவுதே" என்று அவர் சொன்னால் அடுத்த லீவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். சமையல் நேரம் படிப்பிலிருந்து கழிகிற நேரம் அல்ல என்று நான் நினைப்பது இதனால்தான்.

சாயா நான்கு மணிக்கு மேல் வேண்டாம். உடலில் கஃபீன் பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும். உறக்கத்தை விரட்டுகிற மாத்திரையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். போனைப் படுக்கும் அறையில் வைக்காதீர்கள், அலாரத்துக்கு ஒரு கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவுக்குப் போனால் ஒரு சாயங்காலம் வீணாகுமே என்று கேட்டிருந்தீர்கள். போங்கள். டிசம்பர் 3 எப்படியும் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. அம்மாவோடு போய்த் தேரைப் பார்த்துவிட்டு வந்து 9.45க்குப் படுத்துவிடுங்கள். கல்யாண வீடு, மறுவீடு என்று எல்லாவற்றுக்கும் போக முடியாது, ஆனால் ஒன்றுக்கும் போகாமல் நான்கரை வருடம் ஓட்டவும் முடியாது. அடுத்தது ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்) வருடம் வேறு இருக்கிறது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். படுத்தும் உறக்கம் வராமல், எதிலும் மனம் ஒட்டாமல், அழுகை முட்டிக்கொண்டு இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது படிக்கும் முறையால் தீருகிற விஷயம் இல்லை. உங்கள் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே மனநல ஓ.பி. இருக்கும். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், காசு இல்லை.

ஹவுஸ் சர்ஜன் ஆகும்போது இந்த அட்டவணை உடையும், நைட் டூட்டி வரும். அப்போது டூட்டிக்கு முன் மதியம் இரண்டு மணி நேரமாவது உறங்கிவிட்டுப் போங்கள். 2000இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்ததில், 17 முதல் 19 மணி நேரம் தொடர்ந்து முழித்திருந்தவர்களின் கவனமும் வேகமும் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவர்கள் அளவுக்கு, சில சோதனைகளில் அதைவிடவும், குறைந்திருந்தது. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் அளவே 0.03 சதவீதம்தான். இரவு டூட்டி முடித்த காலையில் ஸ்கூட்டர் எடுக்காதீர்கள், அதே மார்த்தாண்டம் பஸ்ஸில் ஏறி வாருங்கள்.