வாசகர் கேள்வி: மகளைத் தேனிக்கே கூப்பிட்டுக்கொள்ளட்டுமா?

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, சென்னையில் 300 படுக்கைகள் உள்ள தனியார் ஆஸ்பத்திரியில் 14 மாதமாக ஐ.சி.யூ.வில் இருக்கிறாள். பி.எஃப். போகக் கைக்கு 17,000 ரூபாய். சாப்பாட்டோடு ஹாஸ்டலுக்கு 8,500, கல்விக் கடனுக்கு 4,000 போகிறது. இங்கே தேனியில் 12,000 தருகிறோம் என்கிறார்கள். கூப்பிட்டுக்கொள்ளட்டுமா?
- ஒரு தாய், தேனி

பதில்: கணக்குப்படி தேனிதான் லாபம் அம்மா. சென்னையில் மிஞ்சுவது 4,500. ஆட்டோ, போன் என்று அதுவும் கரைந்துவிடும். வீட்டோடு இருந்தால் கடன் கட்டியும் 8,000 நிற்கும்.

நான் 34 வருடம் நர்ஸாக இருந்தவள். அன்று சம்பளம் சொற்பம்தான். ஆனால் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே குவார்ட்டர்ஸ், மெஸ். டியூட்டி முடிந்தால் நடந்தே அறைக்குப் போய்விடுவோம். வாடகை என்ற கவலையே தெரியாது.

மத்திய அரசு நர்ஸுக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 44,900. வீட்டு வாடகைப்படி சென்னையில் 30 சதவீதம், அதாவது 13,470. தேனி மாதிரி ஊரில் 10 சதவீதம், 4,490. இடையில் உள்ள 8,980 ரூபாயில் உங்கள் மகளின் ஹாஸ்டல் பணமே அடங்கிவிடும்! பெரிய ஊரில் வாழச் செலவு அதிகம் என்பது அரசுக்குத் தெரிகிறது. தனியார் நிர்வாகங்களுக்கும் தெரியாமலா இருக்கும்?

200 படுக்கைக்கு மேல் இருந்தால் மாநில அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம் தர வேண்டும் என்று, உச்ச நீதிமன்றம் சொல்லி அமைந்த குழு 2016-லேயே பரிந்துரைத்தது. பரிந்துரைதான், சட்டமில்லை. கேரளம் 2018-ல் தனியார் நர்ஸுக்குக் குறைந்தபட்சம் 20,000 என்று அறிவித்தது.

சரி, கணக்கில் தேனி லாபம் என்றாலும் உடனே கூப்பிடாதீர்கள். இரண்டு வருட ஐ.சி.யூ. அனுபவச் சான்றிதழ் கையில் இருந்தால் அடுத்த வேலைக்குப் பேரம் பேசலாம். அதுவரை கூட வேலை செய்கிற நாலைந்து பேரோடு சேர்ந்து, தங்குமிடமும் நைட் டியூட்டிக்கு வண்டியும் வேண்டுமென்று எழுதிக் கொடுக்கட்டும். சம்பளத்தைக் கூட்ட மறுக்கிறவர்கள்கூடச் சில சமயம் இதற்கு இறங்கி வருவார்கள்.

அப்புறம் ஒன்று. நைட் டியூட்டி அன்று என்ன சாப்பிடுகிறாள் என்று கேளுங்கள். கேன்டீனில் காசு கொடுக்க மனமில்லாமல், ஒரு டீயோடு விடிய விடிய நின்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவளும் அப்படித்தான் என்றால், சான்றிதழுக்குக் காத்திருக்க வேண்டாம். இந்த மாதமே கூட்டி வந்துவிடுங்கள்.