மண்சரிவில் மாடு, கோழி இழந்தவர்களின் நட்டஈட்டுக் கேள்விகள்

கொட்டகை இடிந்து இரண்டு பசுக்கள் செத்துவிட்டன. உடனே புதைத்தால் நட்டஈடு போய்விடுமா? – பசறை

புதைக்கத்தான் வேண்டும், ஆனால் அதற்கு முன் அரை மணி நேர வேலை இருக்கிறது. கிராம உத்தியோகத்தருக்கும் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கும் அறிவியுங்கள். அவர்கள் வர முடிந்தால் காத்திருங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது மலையகத்தின் பல இடங்களில் பாதையும் தொலைபேசியும் ஒன்றாகவே அறுந்தன. அப்படியான நேரத்தில் சாட்சியை நீங்களே சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பசுவையும் முழு உடலாக ஒரு படம், காதுப்பட்டி இலக்கம் தெரியக் கிட்டத்தில் ஒரு படம், இடிந்த கொட்டகையோடு ஒரு படம் எடுங்கள். காதுப்பட்டியைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். அதை மாட்டோடு புதைத்துவிட்டால், எந்த மாடு செத்தது என்று காட்ட வழியில்லாமல் போகும். அயலவர் இருவரிடம் திகதியிட்ட கையொப்பமும் வாங்குங்கள்.

குழி 2 மீற்றர் ஆழம் இருக்கட்டும், உடலுக்கு மேல் 1 மீற்றர் மண் வேண்டும். உடல் அழுகும்போது மண் தாழும் என்பதால் மேட்டாகக் குவியுங்கள். பீலித் தண்ணீருக்கு, அதாவது மலையிலிருந்து குழாய் வழி வரும் ஊற்றுத் தண்ணீருக்கு, மேற்பக்கச் சரிவில் ஒருபோதும் தோண்டாதீர்கள். கீழே இருக்கும் லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) முழுவதும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

லயத்தில் இருக்கிறோம், நிலத்துக்கு உறுதிப் பத்திரம் இல்லை. விண்ணப்பிக்கலாமா? – நானுஓயா

விண்ணப்பியுங்கள். நிலம் தோட்டத்துடையது, மாடு உங்களுடையது. இரண்டையும் யாரும் குழப்ப இடம் கொடாதீர்கள். கால்நடை வைத்திய அலுவலகத்தின் பண்ணைப் பதிவு, பால் சேகரிப்பு நிலையப் பற்றுச்சீட்டு, சினை ஊசி போட்ட அட்டை, தடுப்பூசிப் பதிவு எல்லாம் உங்கள் பெயரைச் சொல்லும். கொட்டகை தோட்டக் காணியில் இருந்தது என்று நிர்வாகத்திடம் ஒரு கடிதமும் கேளுங்கள். பதிவு கணவன் பெயரிலும் வங்கிக் கணக்கு மனைவி பெயரிலும் இருந்தால் பணம் இழுபடும், முன்கூட்டியே சரிசெய்யுங்கள். இன்னும் பதியாதவர்கள் அடுத்த மழைக்கு முன் பதியுங்கள்.

மாடு மண்ணுக்குள் போய்விட்டது, உடலே கிடைக்கவில்லை. – வலப்பனை

சரிவு நடந்ததைக் கிராம உத்தியோகத்தர் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். முந்தைய மூன்று மாதப் பால் கணக்கையும் அதற்குப் பிறகு பால் நின்றுபோன நாட்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். ஒரு மாட்டின் பால் குறைந்தது அந்தக் கணக்கிலேயே தெரியும்.

1,000 பிறொய்லர் கோழி அள்ளுண்டு போனது. எண்ணிக்கையை நம்ப மறுக்கிறார்கள். – கம்பளை

குஞ்சு வாங்கிய பில்லோடு தீவனப் பில்லையும் கொடுங்கள். 4 வார வயதுக்குள் ஒரு கோழி ஏறத்தாழ 2 கிலோ தீவனம் தின்றிருக்கும். 1,000 கோழிக்கு 2,000 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை 40. பில் இந்தக் கணக்கோடு ஒத்துப்போனால் உங்கள் எண்ணிக்கைக்கு அதுவே ஆதாரம். இடையில் செத்தவற்றைக் கழித்தே சொல்லுங்கள், ஒன்று கூடினாலும் மொத்தக் கணக்கிலும் சந்தேகம் விழும்.

காப்புறுதியும் இருக்கிறது, இரண்டும் கேட்கலாமா? – ஹட்டன்

காப்புறுதி வேறு, அரச நிவாரணம் வேறு, விண்ணப்பமும் வேறு. காப்புறுதிக்காரருக்கு உடலைப் புதைக்கும் முன் சொல்லுங்கள். பிரதேச செயலகத்தில் காப்புறுதியை மறைக்க வேண்டாம்.

நனைந்த புண்ணாக்கைக் காயவைத்துக் கொடுக்கலாமா? – பண்டாரவளை

பூசணம் பிடித்திருந்தால் வேண்டாம். அதன் நஞ்சு பாலிலும் இறங்கும், பாலைக் காய்ச்சினாலும் போகாது. கொட்டுவதற்கு முன் மூட்டைகளை எண்ணிப் படம் எடுத்து, இழப்புப் பட்டியலில் சேருங்கள்.