ஒலியில் நிறம் காண்பவரிடம் சில கேள்விகள்

ஓவியம், மட்பாண்டம், இசை மூன்றையும் தானாகக் கற்றவர். ஒலி கேட்டால் நிறம் தோன்றும் சினஸ்தீசியா உள்ளவர். வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

ஆறு வயது மகள், ‘ஐந்து சிவப்பு, ஏழு அழுக்குப் பச்சை’ என்கிறாள். மருத்துவரிடம் காட்ட வேண்டுமா?
(ஒரு தாய், மதுரை)

வேண்டாம் அம்மா, எண்ணில் நிறம் தெரிவதும் சினஸ்தீசியாவின் ஒரு வடிவம்தான், நோய் அல்ல. நூற்றில் நான்கு பேருக்கு ஏதாவதொரு வடிவில் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. குடும்பவழியிலும் வரும். எழுத்தாளர் நபக்கோவுக்கும் அவருடைய தாயாருக்கும் எழுத்துகளில் நிறம் தெரிந்தது. ‘பொய் சொல்லாதே’ என்று மட்டும் அதட்டாதீர்கள். வளர்ந்த ஒருவருக்குத் திடீரென்று, அதுவும் தலையில் அடிபட்ட பிறகு தொடங்கினால் கதை வேறு. நரம்பியல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

கற்பனை என்று கேலி செய்கிறார்கள். நிரூபிக்க வழி உண்டா?
(கல்லூரி மாணவர், தஞ்சாவூர்)

உண்டு. சொற்களுக்கு நிறம் கேட்டுக் குறித்துக்கொண்டு, வாரக்கணக்கில் கழித்து முன்னறிவிப்பின்றி மறுபடி கேட்பார்கள். உளவியலாளர் சைமன் பாரன்-கோஹன் குழு 1987-இல் இப்படித்தான் சோதித்தது. கதை விடுபவர் தடுமாறிவிடுவார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன், கறுப்பு மையில் அச்சிட்ட 5-களுக்கு நடுவே 2-களை ஒரு வடிவமாக ஒளித்துவைத்துச் சோதித்தார். எண்ணில் நிறம் தெரிபவருக்கு அந்த வடிவம் தனி நிறமாகச் சட்டென்று எடுத்துக் காட்டும்.

எல்லோருக்கும் ஒரே நிறம்தானா?
(வயலின் ஆசிரியை, திருச்சி)

இல்லை. ரஷ்ய இசையமைப்பாளர்கள் இருவரை எடுத்துக்கொள்ளுங்கள்: மேற்கத்திய இசையின் சி மேஜர் சுருதி ஸ்கிரியாபினுக்குச் சிவப்பு, ரிம்ஸ்கி-கோர்சகோவுக்கு வெள்ளை. ஸ்கிரியாபினுடையது உண்மையான சினஸ்தீசியாதானா என்ற ஐயம் ஆய்வாளர்களுக்கு உண்டு, எனக்கும்தான். அவருடைய நிறவரிசை வானவில்லைப் போல ஒழுங்காகச் சுற்றிவருகிறது. எனக்கோ ஷட்ஜம் துருநிறம், அடுத்த ரிஷபம் காரணமே இல்லாமல் வெளிர்நீலம்.

ஓவியக் கல்லூரிக்குப் போகாத உங்களுக்கு இதுதானே குறுக்குவழி?
(ஓவிய மாணவர், கும்பகோணம்)

நிறம் இலவசமாக வருகிறது தம்பி, வண்ணம் கலக்கும் கை வருவதில்லை. தம்புராவின் பஞ்சமம் எனக்கு உள்ளிருந்து ஒளிரும் ஊதா. கடையில் வாங்கிய ஊதாவைக் குழாயிலிருந்து அப்படியே பூசினால் செத்துக் கிடக்கிறது. அடியில் வெள்ளை பூசி, காய்ந்ததும் மெஜந்தாவை நீர்த்து மெல்லிய படலமாக இட்டு, அதன்மேல் நீலத்தை அதைவிட மெல்லிதாக ஓட்டினால்தான் சற்று நெருங்க முடிகிறது. அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கருக்கும், நீர்வண்ணம் வெளிறும். ஆகவே காகிதத் துண்டில் பூசி, மின்விசிறிக்கடியில் காயவைத்துப் பார்த்த பிறகே கான்வாஸில் கை வைப்பேன். மட்பாண்டம் இன்னும் மோசம். சூளையைத் திறக்கும்வரை கிளேஸின், அதாவது மெருகுப் பூச்சின், நிறம் தெரியாது. இதையெல்லாம் பாழாக்கித்தான் கற்க வேண்டும். சினஸ்தீசியா ஒரு தூரிகையைக்கூடக் கழுவித் தராது.

பாட்டுக் கேட்டுக்கொண்டே வரைவீர்களா?
(வாசகி, கோவை)

மாட்டேன். பாட்டின் நிறம் படத்தின் நிறத்தோடு சண்டை போடும்.

கண்காட்சியில் இதைக் குறிப்பிடுவீர்களா?
(காட்சிக்கூடப் பணியாளர், புதுச்சேரி)

பெயரட்டையில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். எழுதினால் படத்தைப் பார்ப்பதை விட்டு, ‘என் பெயர் என்ன நிறம்?’ என்று வரிசையில் நிற்கிறார்கள். பெரும்பாலான பெயர்கள் எனக்குப் பழுப்பு. அதைக் கேட்டு யாரும் மகிழ்ந்ததில்லை.